படங்களின் பின்பக்கம்

“மீசை ரொம்ப முறுக்கா வேணாம் தம்பி. குடும்பத்து ஆளு மாதிரி அளவா இருக்கட்டும்.”

ராக்கப்பன் மேசைமேல் வைத்த படத்தைச் சசிதரன் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் யாரென்று தெரிந்துவிட்டது. ஏதோ கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில், அண்டாவுக்குப் பக்கத்தில், கையில் நீளக் கரண்டியோடு மகாலட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை, காதில் ஜிமிக்கி, தலை கொள்ளாமல் கனகாம்பரம். அவள் செத்து ஆறு நாள் ஆகியிருந்தது.

“என் கூடப் பொறந்தவன். திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான்னுதான் ஊருல சொல்லி வச்சிருந்தோம். பொதைச்சப்ப யாருக்கும் சொல்லல. பதினாறாம் நாளுக்காவது போஸ்டர் ஒட்டலைன்னா அனுமந்தன்பட்டில நாலு பேரு நாலு விதமாக் கேப்பாக.”

“வேற படம் இல்லையா அண்ணே?”

“பதினஞ்சு வயசுல ஓடிப்போனவனுக்கு ஏது படம்? இதுல பூவு, தோடு, சேலை எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒரு வெள்ளச் சட்டையப் போட்டு, மீசைய வச்சிரு.”

கடை முதலாளி செல்வமணி கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். “கவலைய விடுங்க. நம்ம தம்பி கைல குடுத்தா, செத்தவுகளே எந்திரிச்சு வந்து பாத்தாலும் நம்மதானான்னு சந்தேகம் வந்துரும்.”

ராக்கப்பன் சிரித்தார். சசிதரன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்தது தெரிந்துவிட்டதோ என்று அடுத்த நொடியே பயந்து, லேசாக உதட்டை இழுத்துவைத்தான்.

தேனி பங்களாமேட்டுப் பக்கம் இருக்கும் அந்த அச்சகத்தில் அவன் கணினி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. செத்தவர்களுக்கு உடுத்திவிடுவது அவன் வேலையில் பாதி. வெற்று மார்போடு வாய்க்கால் வரப்பில் நின்ற பெரியவருக்குச் சட்டை மாட்டுவான், சட்டையோடு இருந்தவருக்குக் கோட்டு மாட்டுவான். கண் மூடிய படத்தைக் கொண்டுவந்தால் மகனின் கண்ணை எடுத்து அப்பாவுக்கு வைப்பான். அதையெல்லாம் அவன் தப்பென்று நினைத்ததில்லை. இது வேறு.

ராக்கப்பன் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரை இந்தக் கதையில் எழுதப்போவதில்லை. அதை எழுதிக்கொள்ள அவர்களுக்கு ஊர்ச்சுவர் முழுக்க இருக்கிறது.

படத்தைத் திருப்பினான். நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், ‘மகா, கம்பம், முகூர்த்தச் சாப்பாடு, 2011’ என்று இருந்தது. இருபத்தைந்து வருடமாக எல்லாப் படங்களின் பின்னாலும் அவள் அப்படித்தான் எழுதிவந்தாள். படம் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆல்பம் இந்த ஆளிடம் இருக்கிறது.

அந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மெஸ் நடத்தும் சோணையம்மாளின் மாடி அறையில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. சோணையம்மாள் திருநங்கை. நாற்பது தாண்டிய, வாய் அடங்காத ஆள். வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தபோது கட்டிய மஞ்சள் சேலை, நலவாரிய அட்டைகள், போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்ட மன்னிப்புக் கடிதங்களின் நகல்கள், மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பத்து வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்த இரண்டு பெண்கள் விட்டுப்போன பித்தளைச் சொம்பு என்று, இந்தப் பள்ளத்தாக்கில் தங்களைப் போல வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்றதையெல்லாம் அந்தப் பீரோவில் சேர்த்துவைத்திருந்தாள். சசிதரன் மாலை நேர நூலக வகுப்பில் படிக்கிறான். ஏதாவது ஒரு சேகரிப்புக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னபோது அவன் இந்தப் பீரோவை எடுத்துக்கொண்டான். அவனும் அவர்களில் ஒருவன்தான். அவன் மனசு போனதெல்லாம் ஆண்களின் பக்கம். அது வீட்டுக்கும் தெரியாது, கடைக்கும் தெரியாது. ஆனாலும் இதைச் செய்வது அக்கறையிலா, மதிப்பெண்ணுக்கா என்று டைரியில் வாரம் ஒருமுறையாவது தன்னையே கேட்டு எழுதுவான். பதில் எழுதியதில்லை.

பீரோவுக்கு வர வேண்டிய பெரிய பொருள் மகாலட்சுமியின் ஆல்பம். கேமரா வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். கம்பத்திலிருந்து போடி வரைக்கும் கல்யாணச் சமையலுக்குப் போன இடமெல்லாம் தன் ஆட்களைப் படம் பிடித்து, பின்னால் பெயர் எழுதினாள். வீட்டில் வைத்த பெயரை அல்ல, அவரவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரை. செத்துப்போனவர்கள் பலருக்கு அந்தப் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அதுதான். வைகாசி பிறந்ததும் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தாள். சித்திரையிலேயே சிறுநீரகம் கைவிட்டது. ரத்த சொந்தத்திடம்தான் உடலைக் கொடுக்க முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரத்த சொந்தம் வந்து, முடியை ஒட்ட வெட்டி, வேட்டி கட்டிப் புதைத்தது. உத்தமபாளையத்து வாடகை வீட்டில் இருந்த டிரங்குப் பெட்டியையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. சோணையம்மாளைச் இடுகாட்டு எல்லைக்குள் விடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

“அண்ணே,” என்றான் சசிதரன். “ஒரு படத்த வச்சு மீசை பொருத்துனா ஒட்டவச்சது தெரிஞ்சுபோகும். பக்கவாட்டு மூஞ்சி, சிரிக்காத மூஞ்சி எல்லாம் பாக்கணும். வேற படங்க இருந்தா மொத்தமாக் கொண்டாங்க.”

“ஒரு ஆல்பம் கெடக்கு. பூராவும் அந்த மாதிரி ஆளுகளாத்தான் இருக்கு. கருமாதி முடிஞ்சதும் கொளுத்திறலாம்னு வச்சிருக்கேன்.”

“அதைத்தான் கொண்டாங்க.”

மறுநாள் பத்து மணிக்கு ராக்கப்பன் ஆல்பத்தோடு வந்தார். கொடுத்துவிட்டுப் போவார் என்று சசிதரன் நினைத்திருந்தான். அவர் நாற்காலியை இழுத்து அவனுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

“நான் இங்கனயே உக்காந்திருக்கேன். ஒரு மணிக்கு பஸ்ஸு. ஆல்பத்தக் கையோட கொண்டுபோயிரணும். எவன் கண்ணுலயாவது பட்டா மானம் போயிரும்.”

கைப்பேசியில் படமெடுக்க வழியில்லாமல் போனது. ஸ்கேனர் ஒன்றுதான் வேலை மாதிரித் தெரியும். ஆல்பத்தில் நூற்றுப் பன்னிரண்டு படங்கள். கண்ணாடிமேல் தடவைக்கு நான்கு வைக்கலாம். காப்பகத்துக்கு என்றால் அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி அடர்த்தி வேண்டும் என்று வகுப்புக் குறிப்பில் எழுதியிருந்தான். அப்படியே வைத்தான். முதலில் முன்பக்கம் எல்லாம், பிறகு பின்பக்கம் எல்லாம் என்ற வரிசையும் குறிப்பில் உள்ளதுதான்.

அந்தக் கிழட்டு ஸ்கேனர் அறுநூறில் ஒரு தடவை ஊர்ந்து முடிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. சுவர்க் கடிகாரம் ஓடியது. அடர்த்தியைக் குறைத்தால் வேகமாக முடியும், குறைக்கலாமா என்று எட்டாவது தடவை யோசித்தான். பாதியில் மாற்றினால் தொகுப்பு ஒரே சீராக இருக்காதே என்று விட்டுவிட்டான்.

“இத்தனை படம் எதுக்குத் தம்பி?”

“மூஞ்சி அளவு எடுக்க.”

“இவன் மூஞ்சி இல்லாத படத்தையும் வைக்கிறியே.”

“வெளிச்சம் பாக்கணும்ணே.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். சோணையம்மாள் மெஸ்ஸின் வாசலில், போன தீபாவளிக்கு, அவனே நின்றுகொண்டிருந்தான். தோளில் கை போட்டு நின்றவன் இப்போது துபாயில் இருக்கிறான், பேசுவதில்லை. ராக்கப்பன் அந்த நேரம் பார்த்துச் செல்வமணியிடம் திராட்சை விலை சொல்லிக்கொண்டிருந்தார். சசிதரன் அந்தப் படத்தை மட்டும் உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். நூற்றுப் பன்னிரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அவன் எடுத்தது தன்னைத்தான்.

முன்பக்கம் முடியும்போது மணி பதினொன்றே கால். பின்பக்கத்தைத் தொடங்கினான். ஒன்பதாவது தடவை படங்களைக் குப்புறக் கவிழ்த்தபோது ராக்கப்பன் எழுந்து வந்து நின்றார்.

“என்னத்தைத் தம்பி படம் பிடிக்கிற? முதுகுலயா மீசை இருக்கு?”

செல்வமணி பெரிதாகச் சிரித்தார். ராக்கப்பன் சிரிக்கவில்லை. அந்த நான்கையும் ஸ்கேனர் முடிக்கும்வரை நின்றார், பிறகு தானே மூடியைத் திறந்து படங்களை எடுத்து, ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“போதும். மீசைய வையி.”

வைத்தான். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பூவை அழித்தான், காதுத் துளையை அழித்தான், கன்னத்தில் தாடி நிழல் கொடுத்தான். சேலை இருந்த இடத்தில் வெள்ளைச் சட்டை ஏறியது. மீசை முதல் தடவையிலேயே கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் கோணலாக வந்திருக்கக் கூடாதா என்று அவனுக்கே ஆத்திரமாக வந்தது.

“அப்பிடியே எங்கப்பன்,” என்றார் ராக்கப்பன். கண் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கலைப் பார்த்ததும் சசிதரனுக்குக் கோபம் இரட்டிப்பானது. இல்லாத ஒருவனுக்காக இந்த ஆள் அழுகிறார். இருந்தவளுக்கு இவர் வீட்டு வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் உத்தமபாளையம், சின்னமனூர் தொடங்கித் தேனி வரைக்கும் சுவரொட்டி வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் பென்டிரைவோடு மெஸ்ஸுக்குப் போனான். சோணையம்மாள் மாடியில் இருந்தாள். சுவரிலிருந்து உரித்த போஸ்டர் ஒன்று ஈரத்தோடு தரையில் கிடந்தது.

“வா தம்பி. இந்த மீசையப் பாரு. எவனோ தொழில் தெரிஞ்சவன் வச்சிருக்கான். அச்சகத்து ஆளு நீ, யாரு கைன்னு சொல்லேன்.”

“என் கைதான்க்கா.”

அவள் குனிந்து போஸ்டரில் இருந்த மீசையைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

“அவ மீசைய எடுக்க எத்தனை தடவை மதுரைக்குப் போனா தெரியுமா? லேசருக்கு. ஒரு தடவைக்குப் பன்னண்டு பந்தி சமைச்சு, அந்தக் காச முடிஞ்சுக்கிட்டு பஸ் ஏறுவா. மூஞ்சி வெந்துபோய் வருவா. மோரத் தொட்டு வச்சு விசிறுவேன். ஒவ்வொரு மசுராப் பொசுக்கி எடுத்தாலே. நீ எம்புட்டு நேரத்துல வச்ச?”

“இருவது நிமிசம்.”

“இருவது நிமிசம்.” அவள் எழுந்து வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றாள். “அவுகளாவது தெரியாமச் செஞ்சாக. நீ தெரிஞ்சே செஞ்ச.”

“ஆல்பம் அவுககிட்ட இருக்குக்கா. அதை வாங்கிப் பதிய வேற வழி தெரியல. மீசை வச்சாத்தான் கைக்கு வரும்.”

“அப்ப அவ மூஞ்சிய வித்து மத்தவுக மூஞ்சிய வாங்கியிருக்க.”

பென்டிரைவை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அரைமணி நேரம் வெங்காயம் உரித்துவிட்டு, கையைத் துடைத்தபடி, “போடு பாப்போம்,” என்றாள்.

மடிக்கணினியில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் கோபத்தை மறந்து திரையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். “இது முருகம்மா. கடமலைக்குண்டுக்காரி. சந்தைல கருவாட்டுக் கடை போட்டா. எவன்டா அதுன்னு கேட்டவன் தலைல கூடையவே கவுத்துனவ. ஐயோ இந்த ரெண்டு பேரப் பாரு, லயத்து வீட்டுப் பிள்ளைக.” அடுத்த படத்தில் சிரிப்பு நின்றது. “இவ யாரு? பின்னால திருப்பு.”

“பின்பக்கம் இல்லக்கா.”

“ஏன்?”

முப்பத்தாறு படங்களுக்குத்தான் பின்பக்கம் கிடைத்தது என்பதைச் சொன்னான். அறுநூறைச் சொன்னான். வரிசையைச் சொன்னான். இருநூறு வைத்திருந்தால் எல்லாப் பெயரும் வந்திருக்கும் என்று தெரிந்துகொண்டதைச் சொன்னான். தன் படத்தைத் திருடியதையும் சொல்லிவிட்டான்.

“மூஞ்சி எனக்குத் தெரியும்டா,” என்றாள் அவள். “பாதிப் பேரு மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்கிது. பேருதான் வேணும். அதுக்குத்தான அவ எழுதி வச்சா.”

அந்த வாரம் முழுக்கப் போடியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று பெயர்கள் தேறின. அவன் தன்னுடையதைத் தானே எழுதிக்கொண்டான். இருபத்திரண்டு மிச்சம். அந்த இருபத்திரண்டுக்காகவே, கருமாதி முடிந்த மூன்றாம் நாள் ராக்கப்பன் மறுபடி கடைக்குள் வந்தபோது சசிதரன் எழுந்து நின்றான்.

“அதே படத்தப் பெரிசாப் போட்டு லேமினேசன் பண்ணிரு தம்பி. வீட்டுல மாட்டணும்.”

“அந்த ஆல்பம் அண்ணே?”

“கருமாதியன்னைக்கே துணிமணியோட சேத்துக் கெணத்துமேட்டுல கொளுத்தியாச்சு. பிளாஸ்டிக்கு பாரு, ஒரே நாத்தம்.”

நாற்றம்தான் அவருக்கு நினைவிருக்கிறது. சசிதரன் உட்கார்ந்தான். அந்தக் கோப்பைத் திறந்தான். வெள்ளைச் சட்டைக்காரன் திரையில் நிறைந்தான்.

“அண்ணாச்சி, இங்க பாருங்க,” என்று செல்வமணியைக் கூப்பிட்டான். “இந்த ஆளு யாருன்னு தெரியுதா? இப்பிடி ஒரு ஆளு பொறக்கவே இல்ல. மீசை நான் வரைஞ்சது. சட்டை, போன மாசம் சின்னமனூர் வாத்தியாரு ஒருத்தருக்கு மாட்டிவிட்ட அதே சட்டை. இதைத்தான் இவுக வீட்டுல மாட்டப் போறாக.”

“ஏலே, வேலையப் பாரு,” என்றார் செல்வமணி.

ராக்கப்பன் முகம் கறுத்தது. “அவன் எங்க பிள்ள. எப்பிடி வச்சுக்கிரணும்னு எங்களுக்குத் தெரியும்.”

“உசுரோட இருக்கயில வச்சுக்கிட்டீகளா? மகாலட்சுமின்னு ஒருத்தி உங்க ஊருலருந்து அஞ்சு மைலுக்குள்ள இருபது வருசம் இருந்தா. உங்க சொந்தக்காரக கல்யாணத்துக்கே சமைச்சிருப்பா. சோத்தத் தின்னுட்டுப் போயிருப்பீக.”

ராக்கப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீயும் அந்தக் கூட்டமாடா?”

செல்வமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா,” என்றான் சசிதரன். கோப்பை அழித்தான். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். ராக்கப்பன் கை ஓங்கிக்கொண்டு வந்தவர், என்ன நினைத்தாரோ, ஓங்கிய கையோடு வெளியே போனார்.

“நாளையிலருந்து வராத,” என்றார் செல்வமணி. கொஞ்சம் கழித்து, மெதுவாக, “இந்த மாதிரின்னு எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல,” என்றார். சொல்லியிருந்தால் வேலைக்கே எடுத்திருக்க மாட்டார். இருவருக்கும் அது தெரியும்.

மறுநாள் நாலு மணிக்கு மெஸ் காலியாக இருந்தது. அச்செடுத்த இருபத்திரண்டு முகங்களையும் சாப்பாட்டு மேசைமேல் பரப்பி, சசிதரன் பட்டியலில் விடுபட்ட கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தான். வரிசை எண் எழுபத்து நான்கு. மஞ்சள் தாவணி போட்ட, பல் எடுப்பான பெண். முல்லையாற்றுப் பாலத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

“இவளோட ஒரே தட்டுல தின்னிருக்கேன்,” என்றாள் சோணையம்மாள். “பேரு நாக்குக்கிட்டயே நிக்கிது. வர மாட்டேங்குது.” மேசையை ஓங்கி அறைந்தாள். டம்ளர்கள் குதித்தன. “பேரு போச்சே. எவனோ கெணத்துமேட்டுல நின்னு தீ வச்சதுல இவ பேரு போச்சே.”

அவன் தயங்கித் தயங்கிப் பெயர்க் கட்டத்தில், ‘தெரியவில்லை’ என்று எழுதினான். அவள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன எழுதுற?”

“பேரு தெரியலைன்னாக்கா அப்பிடித்தான் போடணும். வகுப்புல—”

“தெரியலையா? யாருக்குத் தெரியல? பேரில்லாமயா இருந்தா அவ? அடி அதை.”

அடித்தான்.

“பேரு இருந்துச்சுன்னு எழுது. எரிச்சுட்டாகன்னு எழுது. எந்த ஊரு, எந்தக் கெழமை, யாரு எரிச்சதுன்னு எழுது. அவுக போஸ்டருல எல்லாரும் பேரு போட்டுக்கிட்டாகல்ல. இதுலயும் இருக்கட்டும்.”

“அதுக்குக் கட்டம் இல்லக்கா.”

“கோடு போடத் தெரியாதா ஒனக்கு?”

அவன் அளவுகோலை எடுத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டான். ‘பெயர் இருந்தது. எரிக்கப்பட்டது.’ ஊர், நாள். எரித்தவர் ராக்கப்பன். எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

“அறுநூறு வச்சு நேரத்தத் தொலைச்சவன் பேருக்கா?”

சோணையம்மாள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எழுதாம?” என்றாள்.

கட்டத்துக்குள் இடம் போதாமல் நெருக்கி நெருக்கித் தன் பெயரையும் எழுதினான். அடுத்த படத்தை இழுத்தான். இன்னும் இருபத்தொன்று இருந்தது.